பழைய மேஜையில் பிறந்த கிட்டார்: ரௌட்டர் இல்லாமல் வீட்டிலேயே பாடி செய்ய முடியுமா?

1963 ஆகஸ்ட். லண்டனுக்குப் பக்கத்தில் ஃபெல்தம். 16 வயது பிரையன் மேவுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் மீது ஆசை. ஆனால், ஃபெண்டர் வாங்கும் அளவுக்கு வீட்டில் காசு இல்லை. அப்பா ஹாரல்டு எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். அப்பாவும் மகனும் சேர்ந்து கிட்டாரை வீட்டிலேயே செய்ய உட்கார்ந்தார்கள். முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. செலவு சுமார் 8 பவுண்டு என்கிறார்கள்.

அதுதான் 'ரெட் ஸ்பெஷல்'. 'குயீன்' இசைக்குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யில் வரும் கிட்டார் சோலோ இதில் வாசித்ததுதான். இதைச் செய்தது முழுக்க முழுக்கக் கைக்கருவிகளால். ரௌட்டர் கிடையாது.

அது என்ன ரௌட்டர்?

வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டி இல்லை. அசுர வேகத்தில் சுழலும் பிட்டை வைத்து மரத்தைக் குடைந்தெடுக்கும் மெஷின் இது. கிட்டார் பாடி பார்க்க ஒரே பலகை மாதிரி இருந்தாலும் உள்ளே பல குழிகள் உண்டு. கழுத்து உட்கார ஒன்று, பிக்கப்புகளுக்கு ஒன்று, வால்யூம் குமிழ்களுக்கு ஒன்று, ஒயர் போக வழி ஒன்று. இதையெல்லாம் ரௌட்டர் சில நிமிடத்தில் குடைந்துவிடும். கை கொஞ்சம் வழுக்கினால் மொத்தப் பலகையையும் ஒரே நொடியில் கெடுத்தும் விடும். அபார்ட்மென்டில் அதை ஓட்டினால் சத்தத்துக்கும் தூசிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது நிச்சயம்.

குடையாதே, அடுக்கு!

தப்பிக்க வழி எளிது. ஓட்டை போட்ட பலகையை ஓட்டை இல்லாத பலகை மேல் ஒட்டினால், அதுதான் குழி. அவ்வளவுதான். மெல்லிய பலகையில் ஓட்டை போட ஜிக்சா போதும். பொறுமை இருந்தால் கையால் அறுக்கும் கோப்பிங் ரம்பமே போதும்.

மே வீட்டிலும் அடுக்கித்தான் செய்தார்கள். பாடிக்கு எடுத்தது பழைய மேஜையின் ஓக் மரமும் பிளாக் போர்டும்; நம்ம ஊர் பிளைவுட் கடையில் அலமாரிக் கதவுக்கென்று வெட்டித் தருவார்களே, அதே ரகம். வெளியே தெரியாமல் இருக்க மேலும் கீழும் மஹாகனி வெனீர் ஒட்டினார்கள். பார்க்கிறவர்கள் ஒரே மரம் என்று நினைத்துக்கொள்ளலாம்!

இன்று செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபெண்டர் ரகக் கழுத்துக்கு வேண்டிய பள்ளத்தின் ஆழம் சுமார் 16 மி.மீ. மேல் அடுக்குக்கு 16 மி.மீ. பிளைவுட் எடுத்து, கழுத்தின் வடிவத்துக்கு அதை முழுசாக வெட்டிவிட்டால் ஆழம் தானாகவே சரியாக அமையும். ஆழத்தை அளந்து குடைய வேண்டிய தலைவலி இல்லை. நடுவில் 18 மி.மீ., அடியில் 12 மி.மீ. மொத்தம் 46. கடையில் விற்கும் பல கிட்டார்களின் தடிமன் 45 மி.மீ.க்குப் பக்கம்தான்.

பிக்கப், குமிழ்களுக்கான இடத்தை மேல், நடு இரண்டு அடுக்கிலும் வெட்டி எடுக்க வேண்டும். அடிப் பலகை முழுசாக இருக்கட்டும். ஒயர் போகும் வழியை நடு அடுக்கிலேயே ஒட்டுவதற்கு முன் வெட்டிவிடலாம். முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பிக்கார்டு போட்டு மூடினால் கோணல்மாணல் வெட்டு எதுவும் வெளியே தெரியாது.

பிளைவுட்டின் பெரிய குறை எடை. நல்ல ஆல்டர் மரத்தைவிடக் கனமாக இருக்கும். ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் சொல்லிவிடும். அதற்கும் அடுக்கிலேயே மருந்து இருக்கிறது. பிரிட்ஜுக்குக் கீழும் கழுத்துக்குக் கீழும் கை வைக்காமல், மற்ற இடங்களில் நடு அடுக்கைத் தாராளமாக வெட்டி வெற்றிடம் விடலாம். ரெட் ஸ்பெஷலும் உள்ளே ஓரளவு வெற்றாகத்தான் இருக்கிறது. ஆம்ப் முன்னால் நின்றால் கிட்டார் தானாகவே பாட வேண்டும் என்று மே ஆசைப்பட்டதுதான் காரணம்.

எங்கே சொதப்பும்?

ஒட்டும்போது. பசை தடவி கிளாம்ப் முறுக்கினால் பலகைகள் வழுக்கி விலகும். முதல் தடவை செய்கிற பலரும் இங்கேதான் மாட்டுவார்கள். பசை இல்லாமல் அடுக்கிப் பார்த்து, பின்னால் மறைந்துபோகும் இரண்டு இடத்தில் டிரில் போட்டு மர ஆணி செருகிவிட்டால் நகராது. மரத்துக்கான வெள்ளைப் பசையே போதும், ஆனால் கிளாம்ப் குறைந்தது எட்டு, பத்து வேண்டும். குழிக்குள் பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் உளிதான் கதி. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுவது நல்லது.

வெளி வடிவம் கொஞ்சம் கோணினாலும் அரமும் உப்புத்தாளும் காப்பாற்றும். (தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். பிளைவுட் தூசியில் பசையும் கலந்திருக்கும்.) கழுத்துப் பள்ளமும் பிரிட்ஜின் இடமும் அப்படியில்லை. பள்ளத்தைக் கோட்டுக்கு உள்ளேயே வெட்டி, பிறகு உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, கழுத்து இறுக்கமாக உட்காரும்வரை பார்க்க வேண்டும். பிரிட்ஜை மாட்டுவதற்கு முன் கழுத்தைப் பொருத்தி, நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளக்க வேண்டும். 648 மி.மீ. ஸ்கேல் என்றால் அது 324 மி.மீ. அங்கிருந்து பிரிட்ஜுக்கும் அதே தூரம். இதில் தப்பினால் எவ்வளவு ட்யூன் செய்தாலும் மேல் சுரங்கள் அபஸ்வரம்தான்.

பிளைவுட்டில் நல்ல சத்தம் வருமா?

கிட்டார் வட்டாரத்தில் ஓயாத சண்டை இது. பிக்கப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். அது பிடிப்பது எஃகுக் கம்பியின் அசைவை. 1940-களின் தொடக்கத்தில் லெஸ் பால் ஒரு பைன் கட்டையில் கம்பி கட்டி வாசித்துக் காட்டினார். கிப்சன் 1958-இல் கொண்டுவந்த இஎஸ்-335-இன் உடலே மேப்பிள் அடுக்குப் பலகைதான். மோசமான பிளைவுட்டில் உள்ளே இடைவெளி இருக்கும், ஸ்க்ரூ பிடிக்காது. அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

மே வீட்டில் மற்றதெல்லாமே கிடைத்ததை வைத்துத்தான். கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேல் சட்டம். அதில் புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். ஃப்ரெட் புள்ளிகள் அம்மாவின் முத்துச்சிப்பி பட்டன்கள். டிரெமலோவில் இருப்பது மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங். பிக்கப்பையும் மே தானே சுற்றிப் பார்த்தார். கம்பியை வளைத்தால் விநோதச் சத்தம் வந்தது. கடைசியில் பர்ன்ஸ் பிக்கப்புகளை வாங்கி மாட்டினார்.

இவ்வளவு உழைத்த அப்பாவுக்கே, மகன் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த கிட்டாரோடு இசைக்குப் போனது பிடிக்கவில்லை. ரொம்ப நாள் மனத்தாங்கல் இருந்தது. பிறகு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குயீன் கச்சேரிக்கு மகனே அழைத்துப்போன பிறகுதான் ஹாரல்டு சமாதானமானார். படிப்பை மே 2007-இல் முடித்தார், வானியற்பியலில் டாக்டர் பட்டத்தோடு. அந்த கிட்டாரை இன்னும் வாசிக்கிறார்.