சென்னை அருங்காட்சியகங்கள்: எதை, எப்படிப் பார்ப்பது

சென்னை நகரிலும் அதன் புறநகரிலும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துள்ள அருங்காட்சியகங்கள் பல. அவற்றுள் எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம், முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா ஆகிய நான்கும் முதலில் பார்க்கத் தக்கவை. நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவோர் ஒன்றையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. எழும்பூருக்கு மட்டுமே ஒரு முழுநாள் போதாது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம்

கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகம் 1814இல் தொடங்கப்பட்டது. தொன்மை வரிசையில் அதற்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது சென்னை அரசு அருங்காட்சியகம். சென்னை இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த கற்களையும் கனிமங்களையும் கொண்டு 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இது தொடங்கியது. எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் இதன் முதல் பொறுப்பாளர். இடம் போதாமல் 1854இன் இறுதியில் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. ஆங்கிலேயர் நடனமும் நாடகமும் விருந்தும் நடத்திய பொழுதுபோக்கு மாளிகை அது. இடையில் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் கைக்குப் போய், 1830இல் மீண்டும் அரசின் கைக்கு வந்திருந்தது. இன்றும் அந்தச் சாலைக்குப் பாந்தியன் சாலை என்றுதான் பெயர்.

பால்ஃபர் அருங்காட்சியகத்தோடு சேர்த்து ஒரு சிறு விலங்குக் காட்சியையும் தொடங்கினார். விலங்குகள் 1860களில் பூங்கா நகருக்கும், 1985இல் வண்டலூருக்கும் இடம் மாறின. பழைய சென்னைவாசிகள் விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தனர். கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்பர். இலங்கைத் தமிழில் அருங்காட்சியகத்துக்கு 'நூதனசாலை' என்று ஒரு சொல் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சென்னைப் பேச்சின் குறும்பு நன்றாகத் தெரியும்.

வளாகம் ஏறத்தாழ 16 ஏக்கர். ஆறு கட்டடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் உள்ளன. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், அரைவட்டப் படி இருக்கைகள் கொண்ட அருங்காட்சியக அரங்கமும் இதே வளாகத்தில்தான் இருக்கின்றன. செந்நிறக் கல்லால் ஆன விக்டோரியா நினைவு மண்டபம் 1909இல் திறக்கப்பட்டது. என்றி இர்வின் வடிவமைத்த இம்மண்டபமே பின்னர் தேசியக் கலைக்கூடம் எனப் பெயர் பெற்றது.

அமராவதிக் கற்கள்

நேரம் குறைவாக உள்ளவர் வேறு எதையும் விடலாம், அமராவதிக் கூடத்தை விடக்கூடாது. இன்றைய ஆந்திராவில் குண்டூருக்கு அருகே கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியைச் சூழ்ந்திருந்த கற்கள் இவை. தூபியின் பணி கி.மு. காலத்தில் தொடங்கிக் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. பளிங்கு என்று பலரும் எழுதினாலும் இது பளிங்கு அன்று, பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

இக்கற்கள் சென்னை வந்த கதை அவ்வளவு இனிமையானதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் ஜமீன்தார் புதிய ஊர் அமைக்கத் தூபி மேட்டைத் தோண்டிக் கல் எடுத்தார். சிற்பங்கள் கட்டடக் கல்லாகின. சில சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டன. அதைக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்ற காலின் மெக்கன்சி, பின்னர் 1816இல் திரும்பிச் சென்று விரிவாக வரைபடங்கள் எடுக்கச் செய்தார். 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்து பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. 1859இல் அவற்றுள் 121 கற்கள் கப்பலேறி இலண்டன் போயின. இன்று அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே தூபியின் கற்களைக் காண இன்று சென்னை, இலண்டன், கொல்கத்தா, அமராவதி என நான்கு ஊர்களுக்கு அலைய வேண்டும். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது தூபி நின்ற மேடு ஒரு மாநிலத்திலும் அதன் சிற்பங்கள் இன்னொரு மாநிலத்திலும் என்றாயிற்று.

சென்னையில் எஞ்சியவற்றையும் 19ஆம் நூற்றாண்டில் சுவரோடு சுவராகப் பதித்துப் பூசிவிட்டனர். அன்று அதுவே பாதுகாப்பாகத் தோன்றியது. சுவரின் ஈரமும் உப்பும் சுண்ணாம்புக்கல்லைத் தின்னும் என்பது பின்னரே உணரப்பட்டது. பதித்த கல்லைச் சேதமின்றிப் பெயர்த்தெடுப்பது எளிதன்று, விட்டுவைத்தாலும் கேடு.

இக்கூடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய சிற்பம் நளகிரி யானையின் வட்டச் சிற்பம். புத்தரைக் கொல்ல ஏவிவிடப்பட்ட மதயானை ஒருபுறம் தெருவில் பாய்கிறது. மக்கள் சிதறி ஓடுகின்றனர், மாடத்துச் சாளரங்களிலிருந்து சிலர் எட்டிப் பார்க்கின்றனர். அதே வட்டத்துக்குள் மறுபுறம் அந்த யானையே புத்தரின் காலடியில் பணிந்திருக்கிறது. ஒரே யானையை இருமுறை செதுக்கிக் காலத்தை நகர்த்திக் காட்டிய உத்தி இது. முந்திய காலக் கற்களில் புத்தரின் உருவமே இருக்காது. வெற்று ஆசனம், பாதச் சுவடு, அரசமரம் ஆகியவையே அவரைக் குறிக்கும். இது தெரியாமல் பார்ப்பவர் காலியான நாற்காலியை ஏன் இத்தனை பேர் வணங்குகிறார்கள் என்று குழம்பி நகர்ந்துவிடுவார்.

அமராவதியில் கொடை அளித்தவர் பெயர்கள் பிராகிருதத்தில் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு கல்வெட்டு 'தமிள' என்னும் அடையோடு கண்ஹன் என்பவனையும் அவன் உடன்பிறந்தாரையும் குறிப்பிடுகிறது. தமிழகத்திலிருந்து சென்று அங்கு வாழ்ந்த குடும்பம் என்று ஆய்வாளர் இதைக் கொள்வர்.

செப்புத்திருமேனிக் கூடம்

உலகில் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகள் மிகுதியாக உள்ள இடங்களில் எழும்பூர் முதன்மையானது. திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், வடக்குப்பனையூரிலிருந்து வந்த இராமர், சீதை, இலக்குவன், அனுமன் தொகுதி ஆகியவை இங்குள்ளன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்தப் படிமங்கள் தனிச் செல்வம். சோழர் காலத்துக்குப் பின்னும் அந்தத் துறைமுக நகரில் பௌத்தம் தொடர்ந்தது என்பதற்கு அவை சான்று.

அர்த்தநாரீசுவரர் முன் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். இடை ஒருபுறம் நேராக இறங்கி மறுபுறம் வளைகிறது. ஆண் பக்கத்தில் இரு கைகள், பெண் பக்கத்தில் ஒன்றே. எண்ணிக்கை ஒத்துவராவிட்டாலும் நிலை சற்றும் சாயவில்லை. மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறையில் இவை வார்க்கப்பட்டன. அச்சை உடைத்துத்தான் படிமத்தை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு படிமம்தான்.

இவை அருங்காட்சியகத்துக்கு எப்படி வந்தன என்ற கேள்வி மாணவர்க்கு எழ வேண்டும். படையெடுப்பும் குழப்பமும் நேர்ந்த காலங்களில் கோயிலார் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்து வைத்தனர். புதைத்த இடம் தெரிந்தவர்கள் மறைந்தபின் அவை அங்கேயே தங்கிவிட்டன. நூற்றாண்டுகள் கழித்து ஏர் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெளிவந்தன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அந்த வழியில் பல எழும்பூர் சேர்ந்தன. திருவெண்காட்டு மண்ணில் கிடைத்தவையும் ஓரிடத்தில் இல்லை. அர்த்தநாரீசுவரர் சென்னையிலும், கல்வெட்டால் 1011ஆம் ஆண்டினது என அறியப்படும் இடபவாகனர் தஞ்சைக் கலைக்கூடத்திலும் உள்ளனர்.

கண்ணாடிப் பேழைக்குள் நிற்பது கலைப்பொருளா, பூசை நின்றுபோன தெய்வமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கோயிலுக்கே திரும்ப வேண்டும் என்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. திருவுலா செல்வதற்காக வார்த்த திருமேனி அது; ஆடையும் பூவும் இன்றி நிற்பதற்காக வார்த்ததன்று. மறுபக்கம், அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலேயே இருந்த நடராசர் திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம்தான் அவரை அடையாளம் காட்டியது. 2014இல் அவர் இந்தியா திரும்பினார். ஆள் நடமாட்டம் குறைந்த கோயிலில் காவல் இல்லாமல் வைப்பது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எங்கே வைத்தாலும் படமும் பதிவேடும் இருப்பதே முதல் பாதுகாப்பு.

எழும்பூரில் மற்றவை

தொல்பழங்காலப் பிரிவைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகின்றனர். வெறும் கல் போலத் தோன்றுவதே காரணம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தது. அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. அதே 1863இல் அவர் கண்ட அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பல்லாவரம் இன்று மின்ரயில் நிற்கும் ஒரு நிலையம் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளும் இரும்பு, வெண்கலப் பொருள்களும் இங்கேயே உள்ளன.

சிறுவரோடு வருபவர்க்குத் திமிங்கல எலும்புக்கூடும் பாடம் செய்த விலங்குகளும் போதும். அதற்குப் பிறகு அவர்களை வேறு கூடத்துக்கு நகர்த்துவது கடினம்.

புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம்

1795இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடத்தின் மாடி வணிகர் கூடிப் பேரம் பேசிய மண்டபமாக இருந்தது. 1948இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறை நிர்வகிக்கிறது. ஆளுநர்களின் பெரிய ஓவியங்கள், ஆயுதங்கள், நாணயங்கள், சீருடைகள் இங்குள்ளன. காரன்வாலிசின் பெரிய சிலையில் முகத்தைவிடப் பீடத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1792இல் திப்பு சுல்தானின் இரு மகன்களும் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. சிறுவர்களைப் பிணையாகப் பெற்றதை வெற்றியாகக் கருதிக் கல்லில் வடித்த மனம், ஆட்சியைப் பற்றி நிறையச் சொல்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற செருமானியக் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. அக்குண்டின் சிதறலும் இங்கு இருக்கிறது. கப்பல் சில நிமிடங்களில் போய்விட்டாலும் பெயர் தமிழில் தங்கிவிட்டது. 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லும் பலருக்கு அது ஒரு கப்பல் என்பதே தெரியாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக்கொடி 2013 முதல் காட்சிக்கு உள்ளது. துணி கெடாதிருக்க வெளிச்சம் குறைத்து வைத்திருப்பதால் உள்ளே நுழைந்ததும் கண் பழகச் சற்று நேரமாகும். 1680ஆம் ஆண்டின் புனித மேரி தேவாலயம் அருகிலேயே இருப்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். தலைமைச் செயலகமும் கோட்டைக்குள் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது.

ரயில் அருங்காட்சியகம்

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002இல் திறக்கப்பட்டது. பழைய நீராவி இயந்திரங்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன. சிறுவர் ரயிலும் ஓடுகிறது. கோடையில் நண்பகலில் போக வேண்டாம். இரும்பைத் தொட முடியாது.

தட்சிணசித்ரா

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட இது, பேழைகளுக்குப் பதில் வீடுகளையே காட்சிப்பொருளாகக் கொண்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றில் இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மீண்டும் பொருத்தியுள்ளனர். செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் திண்ணையில் உட்காரலாம். நெசவாளர் வீட்டில் தறி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது, மனிதர்க்கு எவ்வளவு மிஞ்சியது என்பதை நேரில் காணலாம். ஊரிலிருந்து பெயர்த்த வீடு வெறும் கூடுதானே என்று குறை சொல்வோரும் உண்டு. ஆனால் பெயர்க்காவிட்டால் அந்தத் தேக்குத் தூண்கள் பழைய மரக்கடைக்குப் போயிருக்கும்.

செல்வோர் கவனத்துக்கு

எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள், தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். எழும்பூரில் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவர். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காலையில் போய் முதலில் செப்புத்திருமேனிக் கூடத்தையும் அமராவதிக் கூடத்தையும் முடித்துவிட வேண்டும். பள்ளிக் குழந்தைகள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டால் நளகிரியின் முன் நிற்க இடம் கிடைக்காது. படம் எடுக்கத் தனிக் கட்டணம் கேட்கப்படலாம். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் பெயர், ஊர், நூற்றாண்டு என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. எனவே பார்க்கப் போகும் இரண்டு மூன்று பொருள்களைப் பற்றியாவது முன்கூட்டியே படித்துச் செல்லும் மாணவர், கையில் குறிப்பேடும் பென்சிலும் எடுத்துச் செல்லலாம்.