ஒளிக்கும் ஓர் விலை உண்டு

1990-களில், போரினால் வன்னி மின்சாரமின்றி இருண்டிருந்தது, மின்கலங்களுக்கும் தடை. அக்காலத்தில் நம்மவர் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, தைனமோவின் துணையால் வானொலிச் செய்தி கேட்டதை நாம் மறத்தலாகாது.

அக்கராயன் மாணவர்களே, அதனையே உங்கள் குழுச் செயற்றிட்டமாக்குங்கள். ஒருவர் பெடலைச் சுற்றட்டும். ஒருவர் 6 வோல்ற்று மின்குமிழை இணைக்கட்டும். ஒருவர் கண்டதைக் குறிக்கட்டும். தைனமோவினுள் கம்பிச் சுருளருகே காந்தம் சுழல, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பரடே கண்ட உண்மை இதுவே.

குமிழ் எரிகையில் பெடல் சற்றுக் கனக்கும். கம்பியைக் கழற்றினால் இலேசாகும். ஏன்? சுற்றுகின்ற கையின் உழைப்பே ஒளியாகிறது. இன்று நாம் வீட்டில் ஆளியை அழுத்துகையில், லக்சபானாவில் விழும் நீரோ நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியோ நமக்காக உழைக்கின்றது. வேண்டாத விளக்கை அணைப்போமாக!