கம்ப்யூட்டர் முன் சிகரெட்: விட்டுவிட உதவிய ஒர்க்ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிப் பதினோரு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆன் செய்து பத்து நிமிடம் ஓடியவுடன் சி.பி.யு.விலிருந்து மாவு மிஷின் போலச் சத்தம் வரத் தொடங்கியது. பண்ருட்டியிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். வழக்கமாக உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி இருக்கும்; பிரஷ்ஷால் தட்டினால் பறந்துவிடும். என் கம்ப்யூட்டரிலோ ஹீட் சிங்க் மீதும் பேன் இறக்கைகளிலும் பழுப்பு நிறத்தில் பிசின் போல ஒட்டிக் கொண்டிருந்தது. துடைத்த துணி மஞ்சளாகிவிட்டது. "சார், இந்த ரூமில் சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

அதே அறையில்தான் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறான். அவனுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலர் மானிட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தானே பிடிக்கிறோம் என்று இருந்துவிட்டேன். ஜன்னல் வழியே போவது போக மீதிப் புகை அறையில்தான் தங்குகிறது என்பதை அந்தப் பேன் காட்டிவிட்டது.

இதற்கு முன் இரண்டு முறை விட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டும் நான்கு நாள் தாண்டவில்லை. இந்த முறை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இறங்கக் கூடாது என முடிவு செய்தேன். அதற்குக் கை கொடுத்தது, எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கும் நோட்பேட்.

நோட்பேடைத் திறந்து எப் 5 கீயை அழுத்திப் பாருங்கள். அன்றைய தேதியும் அந்த நேரமும் தானாக அமைந்துவிடும். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு முறை எப் 5 அழுத்தி, எங்கே, என்ன செய்து கொண்டிருந்தேன் என்று இரண்டு சொற்களில் டைப் செய்தேன். வெளியில் பிடித்ததைச் சட்டைப் பையில் துண்டுச் சீட்டில் குறித்து வந்து இரவில் சேர்த்தேன். ஒரு வாரம் எதையும் குறைக்க முயலவில்லை, கணக்கு மட்டும்தான். பின் அதனை எக்ஸெல் ஒர்க்ஷீட்டிற்கு மாற்றி, டேட்டா டேபில் உள்ள பில்டர் மூலம் பிரித்துப் பார்த்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

வாரத்தில் 77 சிகரெட். அதில் 32 கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிடித்தவை. டீக்கடையில் 17, சாப்பிட்ட பின் 14. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒன்று 18 ரூபாய் எனக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 198 ரூபாய், மாதம் 5,940. என் கம்ப்யூட்டரின் விலை 46,000 ரூபாய். எட்டு மாதத்தில் அதைப் புகையாக ஊதிவிடுகிறேன் என்று தெரிந்தபோது, அதற்கு மாதத் தவணை கட்டுபவன் என்ற முறையில் கொஞ்சம் வயிறு எரிந்தது.

ஸ்டார்ட் அப் புரோகிராம் போலத்தான்

சிகரெட் புகையை இழுத்தால் இருபது நொடிகளுக்குள் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. உடலில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையும்போது மூளை அடுத்ததைக் கேட்கிறது. எழுந்த ஐந்து நிமிடத்திற்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவராக இருந்தால், நிகோடின் உங்களைப் பலமாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

நிகோடினோடு பழக்கமும் சேர்ந்து கொள்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் கிடைக்கும். அதில் ஸ்டார்ட் அப் பகுதியைப் பாருங்கள். நீங்கள் கேட்காமலேயே, விண்டோஸ் தொடங்கும்போது தாமாக ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் அங்கே வரிசையாக இருக்கும். எனக்குக் கம்ப்யூட்டர் ஆன் ஆகும் சத்தம் கேட்டாலே கை தீப்பெட்டியைத் தேடும். அதுவும் இந்த வகைதான். ஒரு புரோகிராமை அங்கே டிஸேபிள் செய்தால் அது ஓடாது. ஆனால் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஒரு கிளிக்கில் திரும்ப வந்துவிடும். இந்த ஒப்புமையைக் கடைசி வரை நினைவில் வைத்திருங்கள்.

எனவே கம்ப்யூட்டர் டேபிளை ஜன்னல் ஓர அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினேன். கீ போர்டைக் கவிழ்த்துத் தட்டினால் சாம்பல் கொட்டியது. மவுஸ் பேடைத் தூக்கி எறிந்தேன். திரைச் சீலைகளை வீட்டில் துவைத்துப் போட்டார்கள். ஆஷ்டிரே, லைட்டர் எல்லாம் போயிற்று. டீக்கடைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் சிரித்துக் கொண்டே, "பார்ப்போம் சார்" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், ஆறு வரை குறைத்து மீண்டும் பதினொன்றுக்கே வந்த அனுபவமும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வில் 697 பேர் கலந்து கொண்டனர். ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் பிடிக்காமல் இருந்தனர். படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அது 39 சதவீதம். இரு சாராருக்கும் நிகோடின் மருந்தும் ஆலோசனையும் தரப்பட்டன. வெறும் வைராக்கியம் மட்டும் அல்ல என்பதைக் கவனிக்கவும். பீடிக்கு மாறுவது தீர்வே இல்லை. இ சிகரெட் இந்தியாவில் 2019ல் தடை செய்யப்பட்டுவிட்டது.

உதவிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2002ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் நம் நாட்டில் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த 13 மையங்கள் தொடங்கப்பட்டபோது, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் அதில் ஒன்று. இப்போது சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற எண் அச்சாகியிருக்கும். 2016ல் தொடங்கப்பட்ட இந்த இலவச போன் சேவையில் தமிழிலும் பேசலாம். எந்த நாளில் நிறுத்துவது என்று முடிவு செய்ய உதவி, பின்னர் அவர்களே திரும்ப அழைத்தும் விசாரிக்கிறார்கள். நான் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் மூன்று நாட்கள்

முதல் நாள் உற்சாகத்தில் போய்விட்டது. இரண்டாம் நாள் பிரிண்டரில் பேப்பர் சிக்கியதற்கு மகனிடம் கத்தினேன். மூன்றாம் நாள் ஒரு பாராவை ஐந்து முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. எரிச்சல், பசி, தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் இந்த இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக அடங்கும். உள்ளே நல்லதும் நடக்கிறது. ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஒரு நாளுக்குள் சாதாரண அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கடலூரில் நான் பார்த்த டாக்டர் நிகோடின் சூயிங்கம் எழுதித் தந்தார். அதை பபிள்கம் மாதிரி மென்று தள்ளி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து அவதிப்பட்டேன். தப்பு என்னுடையது. மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் சுரீர் என்றதும் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். காபி, ஜூஸ் குடித்த கால் மணி நேரத்திற்குள் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது.

காபி பற்றி இன்னொன்று. சிகரெட் புகை காபியில் உள்ள காபீனை உடல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே காபி அதிக நேரம் உடலில் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். நாம் பழியைச் சிகரெட் இல்லாததன் மேல் போடுவோம். நான் நான்கு டம்ளரை இரண்டாக்கினேன். இரவுத் தூக்கம் திரும்பியது.

சிகரெட் வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்திற்குக் கைக்கு வேலை தேவை. நான் தமிழ் 99 கீ போர்டில் டைப் செய்யப் பழகினேன். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம் என அமைந்த இந்த முறை 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டிற்குப் பின் தரப்படுத்தப்பட்டது. இரண்டு கைகளும் கீ போர்டில் இருக்கும்போது சிகரெட்டைப் பிடிக்க விரல் ஏது? இந்தக் கட்டுரையை அந்தப் பயிற்சியில்தான் டைப் செய்கிறேன். டீக்கடை நேரத்தில் வீரட்டானேசுவரர் கோயில் வரை நடந்துவிட்டு வருவேன். திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் தீர்ந்ததாகப் பெரிய புராணம் சொல்லும் ஊர் எங்கள் திருவதிகை. அவரைத் திருத்தியதும் அக்காதான் என்று என் அக்கா போனில் நினைவுபடுத்தத் தவறுவதில்லை. பாக்கெட்டில் பண்ருட்டி முந்திரி நாலைந்து இருக்கும். அதற்கு மேல் எடுத்தால் எடை ஏறிவிடும்.

நாட்களை எண்ண எக்ஸெல்லில் ஏ1 செல்லில் நிறுத்திய தேதியை டைப் செய்திடவும். பி1 செல்லில் சமக் குறி, டுடே என்ற ஆங்கிலச் சொல், திறந்து மூடும் அடைப்புக் குறிகள், கழித்தல் குறி, ஏ1 என இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஒரு தேதி தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஹோம் டேபில் செல் பார்மட்டை ஜெனரல் என மாற்றிடவும். பைலைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் எண் தானாகக் கூடும்.

பி1ல் 12 என இருந்த நாளில் ஒரு கல்யாண மண்டப வாசலில், நண்பர் நீட்டியதை வாங்கிவிட்டேன். ஒன்றே ஒன்று. வீட்டிற்கு வந்து எப் 5 அழுத்தி அதையும் டைப் செய்தேன். பின் நேர்மையாக இருப்பதாக எண்ணி ஏ1ல் தேதியை மாற்றினேன். 12 போய் 0 வந்தது. இனி என்ன, இன்னொன்று பிடித்தால்தான் என்ன என்று அன்றிரவு முழுவதும் தோன்றிக் கொண்டே இருந்தது. மகன்தான் காலையில் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு நாள் பிடிக்காதது பொய்யாப்பா?" என்று கேட்டான். ஏ1ல் பழைய தேதியையே போட்டு, வழுக்கிய தேதியை ஏ2ல் தனியாக எழுதி, பி1ல் உள்ள பார்முலாவை பி2ல் காப்பி செய்தோம். நீங்களும் முதலிலேயே இப்படி இரண்டு வரிசையாக அமைத்துக் கொள்ளவும். இரண்டாவது வரிசை காலியாகவே இருந்தால் இன்னும் நல்லது.

இன்று பி1ல் 153, பி2ல் 141. சி1ல் பி1ஐ 198ஆல் பெருக்கும்படி அமைத்திருக்கிறேன். 30,294 ரூபாய் காட்டுகிறது. நிகோடின் கம் வாங்கியதையும் முந்திரிப் பருப்பையும் அதில் கழிக்க வேண்டும் என்கிறார் என் மனைவி.