ஏழு ராத்திரிக்கு இருபத்தைந்து வருஷ பில்

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கம் பத்துக் குழி மனை வாங்குகிறவர் லேசில் பணத்தை எடுக்கமாட்டார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, செட்டில்மென்ட் நகல் எங்கே, வில்லங்கச் சான்று எத்தனை வருஷத்துக்குப் போட்டது, கையெழுத்துப் போடாத வாரிசு யாராவது உண்டா என்று பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நாலு பேரை விசாரித்த பிறகுதான் அட்வான்ஸ். அதே ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏசி ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது நாலு லட்ச ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ஒரு உறுப்பினர் எண், ஒரு விதிமுறைப் புத்தகம், கிரெடிட் கார்டில் இஎம்ஐ. அவ்வளவுதான்.

டைம்ஷேர் என்கிற விடுமுறை உறுப்பினர் திட்டம் இப்படித்தான் விற்கப்படுகிறது. ஜவுளிக்கடையிலோ மாலிலோ பெட்ரோல் பங்கிலோ பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்ட சீட்டு எப்போதோ மறந்துபோயிருக்கும். பிறகு ஒரு நாள் போன் வரும். “சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. மேடத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க.” மேடம் எதற்கு என்றால், “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அடைப்பதற்கு. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்பார்கள். வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள்: ஓட்டல் வாடகை இன்றைக்கு இவ்வளவு, இருபத்தைந்து வருஷத்தில் எவ்வளவு ஆகும், கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளில் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். ஆண்டுச் சந்தா, அதாவது பராமரிப்புக் கட்டணம்.

இந்த வியாபாரத்தின் பூர்வீகம் பிரான்ஸ். 1960-களில் ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தெவோலுய் என்ற பனிச்சறுக்கு ஊரில், அறையை வாடகைக்கு எடுப்பதைவிட ஓட்டலையே வாங்கிவிடுவது மலிவு என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். இந்தியாவில் இதைப் பரப்பியது சென்னை. 1986-ல் ஆர். சுப்பிரமணியன் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலையும் ஊட்டியையும் நடுத்தரக் குடும்பங்களுக்கு வாரக் கணக்கில் விற்றது. 1996-ல் மகிந்திரா குழுமம் வந்தது. அதன் கிளப் மகிந்திரா இன்று இத்துறையில் மிகப் பெரியது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனிலேயே, கடலூர் சாலையில் கன்னியக்கோயில் அருகே கடல் பக்கம் திரும்பினால் வரும் மணப்பட்டில் அதற்கு ஒரு ரிசார்ட் இருக்கிறது. சவுக்கும் தென்னையும் நெல்வயலும் சூழ்ந்த ஊருக்கு, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறுப்பினர்கள் வருகிறார்கள். நம் ஊர் உறுப்பினர் மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் அறை தேடுகிறார்.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இது எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலும் அல்ல, ஒரு மாதிரிக் கணக்கு. நுழைவுத் தொகை 4 லட்சம். முதல் வருஷப் பராமரிப்புக் கட்டணம் 20,000. வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது. இருபத்தைந்து வருஷத்துக் கட்டணத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 10 லட்சத்து 97 ஆயிரம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 12 லட்சத்து 95 ஆயிரம். கடைசி வருஷம் மட்டும் வரியோடு 95 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். நுழைவுத் தொகையையும் சேர்த்தால் மொத்தம் 17 லட்சத்தை ஒட்டி வரும். வருஷத்துக்கு ஏழு இரவு என்றால் மொத்தம் 175 இரவுகள். ஒன்றுகூடத் தவறாமல் எல்லாவற்றையும் பயன்படுத்தினால், ஓர் இரவுக்குக் கிட்டத்தட்ட 9,700 ரூபாய். சாப்பாடும் போக்குவரத்தும் தனி. நாலு வருஷம் போக முடியாமல் போனால் அந்த இரவுகளின் விலையும் மற்ற இரவுகளின் தலையில் ஏறும். ஓட்டல் வாடகையும் வருஷா வருஷம் ஏறுமே என்று விற்பனையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டலுக்குப் போகாத வருஷம் ஓட்டல்காரர் பில் அனுப்புவதில்லை.

வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான ஓட்டல் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அன்றாடம் அறை எடுப்பவர் அந்த விகிதத்தில் கட்டுகிறார். பல வருஷத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்டு, அறையைப் ‘பராமரிக்க’ சந்தா செலுத்துகிறவருக்கு 18 சதவீதம்.

கட்டணம் ஏறுவதைவிட, ஏன் ஏறுகிறது என்று கேட்க இடமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பாகூர்க்காரர்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் புதிதல்ல. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்த வட்டார ஏரிகளைக் கவனிக்க ‘கேஸ் கொம்யூன்’, ‘சிந்திக்கா அக்ரிகோல்’ என்று விவசாயிகளின் பொது நிதி அமைப்புகள் இருந்தன. மதகு பழுதானால், கால்வாய் தூர்ந்தால், தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள் சேர்ந்து செலவைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவை நலிந்தன, அரசு பொறுப்பெடுத்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது மறுபடியும் ஏரிப் பயனாளர் சங்கங்களை அமைத்தார்கள். அந்தச் சங்கங்கள் எல்லாம் பிரமாதமாக நடந்தன என்று சொல்ல வரவில்லை. ஆனால் பணம் கொடுத்தவன் கூட்டத்தில் எழுந்து “போன வருஷக் கணக்கைக் காட்டு” என்று கேட்க ஓர் இடம் இருந்தது.

அமெரிக்காவின் பழைய டைம்ஷேர்களில்கூட அந்த இடம் உண்டு. அங்கே பலருக்கு வாரம் என்பது பத்திரத்தோடு வரும் சொத்துப் பங்கு. உரிமையாளர் சங்கம் இருக்கும், அதற்குத் தேர்தலும் ஆண்டு வரவுசெலவும் இருக்கும். அங்கேயும் கட்டணம் ஏறுகிறது, சண்டையும் நடக்கிறது, ஆனால் சண்டை போட மேடை இருக்கிறது. நம் ஊரில் விற்கப்படுவது பெரும்பாலும் தங்கும் உரிமை மட்டுமே. கட்டடம் கம்பெனியுடையது, அல்லது கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனி. எந்த ரிசார்ட்டுக்கு எவ்வளவு செலவானது, வெள்ளையடிக்க எவ்வளவு, மேலாளர் சம்பளம் எவ்வளவு என்று உறுப்பினருக்குக் கணக்குக் காட்ட ஒப்பந்தம் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் கம்பெனியில் பத்துப் பங்கு வாங்கினவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச உரிமை உண்டு. பத்து லட்சம் கட்டப்போகும் உறுப்பினருக்கு இல்லை! குத்தகை ரிசார்ட் என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எந்த இடத்துப் படத்தைப் பார்த்து மயங்கிச் சேர்ந்தாரோ அந்த இடம் குத்தகை முடிந்ததும் பட்டியலிலிருந்து போய்விடலாம். கட்டணம் மட்டும் குறையாது.

அடுத்த புகார் அறை கிடைப்பதில்லை என்பது. மே மாதம், தீபாவளி, பொங்கல், ஆண்டுக் கடைசி என்று நமக்கு லீவு கிடைக்கும் நாளில்தான் ஊருக்கே லீவு. பருவத்தை பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நிறம் பிரித்து விற்கிறார்கள். மலிவான நிறம் வாங்கியவர் பள்ளி விடுமுறையை மறந்துவிட வேண்டியதுதான். விலை உயர்ந்த நிறத்திலும் முந்திக்கொண்டவருக்கே அறை. கிளப் மகிந்திராவின் அண்மைக் கணக்கில் உறுப்பினர்கள் சுமார் 3 லட்சம், அறைகள் ஐந்தாயிரத்துக்கு மேல். 3 லட்சம் பேரும் ஏழு இரவு கேட்டால் 21 லட்சம் இரவுகள். இருக்கிற அறைகளையெல்லாம் ஒரு நாள்கூட விடாமல் நிரப்பினால்தான் அதை ஒட்டி வர முடியும். எல்லாரும் எல்லா வருஷமும் வரமாட்டார்கள், வருகிறவர்களும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. மோசடி என்று இதைச் சொல்ல முடியாது. விமானக் கம்பெனியும் ஜிம்மும் செய்வதுதான். ஆனால் செயலியில் “அறை இல்லை” என்று வந்த அதே தேதிக்கு, வெளியாட்களுக்கான ஓட்டல் புக்கிங் தளத்தில் அதே ரிசார்ட் அறை விலையோடு தென்பட்டால் உறுப்பினருக்குப் பற்றிக்கொண்டு வரத்தானே செய்யும்?

அந்தக் கோபம் எல்லாம் கடைசியில் ரிசப்ஷனில் நிற்கிற பெண்ணிடம்தான் இறங்கும். கட்டணத்தை நிர்ணயித்தது அவரல்ல, கிஃப்ட் விழுந்தது என்று போன் செய்ததும் அவரல்ல. பணம் வாங்கும் அலுவலகம் எங்கோ இருக்க, வசை வாங்கும் கவுண்டர் மட்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

திருப்தியான உறுப்பினர்களே இல்லையா என்றால், உண்டு. ஆறு மாதம் முன்னாடியே தேதி குறித்து, பள்ளிப் பிள்ளைகள் இல்லாமல், ஜூலையிலும் பிப்ரவரியிலும் கிளம்பும் ஓய்வுபெற்ற தம்பதிகள் ஏழு இரவையும் சுத்தமாக வசூலித்துவிடுகிறார்கள். இது அவர்களுக்கான பண்டம். விற்கப்படுவதோ, நினைத்த நேரத்தில் லீவு எடுக்க முடியாத மாதச் சம்பளக் குடும்பத்துக்கு.

இதைவிடப் பெரிய அடியும் நம் பக்கம் விழுந்ததுண்டு. தொண்ணூறுகளில் தேக்கு மரமும் ரிசார்ட்டும் ஒரே மேடையில் விற்கப்பட்டன. 1998-ல் சென்னையின் அனுபவ் குழுமம் சரிந்தபோது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் ‘அறை இரவு’ விற்பதாகச் சொல்லி, தங்காதவர்களுக்குக் கூடுதல் தொகையோடு பணம் திரும்பக் கிடைக்கும் என்றது. அது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2014-ல் செபி உத்தரவிட்டு, 51 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாங்கிய 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது. தங்குவதற்கு உறுப்பினர் சேர்ப்பது வேறு, தங்காமலே லாபம் தருவதாகச் சொல்வது வேறு. இரண்டாவதைக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம், கிஃப்ட்டைக்கூட வாங்க வேண்டாம்.

வெளியேறுவது இதில் பெரிய பாடு. கட்டணம் கட்டாவிட்டால் புக்கிங் நின்றுவிடும், பாக்கிக்கு வட்டி ஏறும். விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. அமெரிக்காவிலேயே பழைய வாரங்களை ஒரு டாலருக்கு விற்க முன்வருகிறார்கள், மாட்டிக்கொண்ட கட்டணத்திலிருந்து விடுபட்டால் போதும் என்று. இந்த ஏக்கத்தை மோசடிக் கும்பல்கள் மோப்பம் பிடித்துவிட்டன. “உங்க மெம்பர்ஷிப்புக்கு பார்ட்டி ரெடியா இருக்கு, டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் மட்டும் முதல்ல அனுப்புங்க” என்று போன் வரும். பணம் போனதும் அந்த நம்பர் இருக்காது. மெக்சிகோவில் ஹலிஸ்கோ போதைக் கும்பலே இந்தத் தொழிலில் இறங்கி அமெரிக்க முதியவர்களை ஏமாற்றியதற்காக, அமெரிக்க நிதித்துறை 2023-ல் அதன் ஆட்கள்மீதும் கம்பெனிகள்மீதும் தடை விதித்தது.

மற்ற நாடுகள் இதற்கெனச் சட்டம் செய்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களுக்குள் பணம் வாங்கவே கூடாது. காலவரையில்லாமல் விற்ற ஒப்பந்தம் செல்லாது என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. பிரான்ஸ் 1986-லேயே தனிச் சட்டம் போட்டது. பிறகு அப்பா விட்டுப்போன டைம்ஷேர் பிள்ளைகளுக்குத் தண்டமாக மாறுவதைப் பார்த்து, 2009-லும் 2014-லும் திருத்தங்கள் செய்து வாரிசுகள் விலக வழி திறந்தது. பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் இருந்த நம் கொம்யூன்களில் இன்று டைம்ஷேருக்கென்று ஒரு சட்டமும் இல்லை. இந்தியா முழுக்கவே இல்லை. சில கம்பெனிகள் தாமாகப் பத்து நாள் விலகும் அவகாசம் தருகின்றன. அது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த அன்று இரவே தேடிவிடுவது நல்லது.

மிச்சமிருப்பது நுகர்வோர் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது: புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வழக்கு சென்னையிலோ மும்பையிலோதான் நடக்கும் என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தாலும் வில்லியனூர்க்காரர் புதுச்சேரி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நடுவர் தீர்ப்புதான் வழி என்ற பிரிவும் தடை ஆகாது. 2018 டிசம்பரில் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 2025 முதல் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். முதலில் 1915 உதவி எண்ணில் புகார் வைத்தாலே சில கம்பெனிகள் இறங்கி வருவதுண்டு. ஆனால் ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது, கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்றும் பிரிவே நியாயமற்றது என்று வாதாட வேண்டுமானால் மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். எங்கே போனாலும் பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள். விற்பனை ஹாலில் வாயால் சொன்னது எதற்கும் சாட்சி இல்லை என்பதால் வெள்ளைத்தாள் கணக்கை அங்கேயே போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதுவே பெரிய ஆதாரம்.

கிளப் மகிந்திராவின் முதல் ரிசார்ட் 1997-ல் மூணாறில் திறந்தது. அந்தக் காலத்தில் இருபத்தைந்து வருஷத்துக்குச் சேர்ந்தவர்களின் உறுப்பினர் காலம் 2022 வாக்கில் முடிய ஆரம்பித்துவிட்டது. 2002-ல் சேர்ந்தவர்களுக்கு 2027-ல் முடியும். புதுப்பிக்கச் சொல்லிப் போன் வரும், பழைய உறுப்பினர் என்பதால் சலுகை விலை என்பார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: வருஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் கட்டணம் ஏறும் என்று எழுதித் தருவீர்களா, அறை கிடைக்காத வருஷத்துக்குக் கட்டணம் உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும். பதிலை வாட்ஸ்அப்பில் வாங்காமல், கம்பெனி மின்னஞ்சலில் வாங்குங்கள்.