நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள்!

"ஐயா, களிம்பு போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. நீங்க ஒரு நல்ல தைலமா கொடுங்க."

இராஜபாளையத்தில் என் வைத்தியசாலைக்கு வந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நூற்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வலது இடுப்பில், பாவாடை முடிச்சு விழுகிற இடத்தில், தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஒரே அரிப்பு. நானும் புங்கன் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டேன். சில வாரத்தில் அரிப்பு குறைந்துவிட்டது என்றார், எனக்கும் சந்தோஷம்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வந்தார். அதே இடத்தில் இப்போது புண். ஓரம் தடித்து மேடிட்டிருந்தது. தொட்டால் ரத்தம் கசிந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்.

"பாவாடையை எங்கேம்மா கட்டுவீங்க?"

"இங்கனதான் ஐயா. சேலை கட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து இதே இடம்தான். இறுக்கிக் கட்டலைன்னா, மிஷின்கிட்ட நிக்கிறப்ப சேலை அவுந்துடுமோன்னு பயம்."

இந்த முறை தைலம் கொடுக்கவில்லை. மதுரைக்கு அனுப்பினேன். 'பயாப்ஸி' என்கிற சதைப் பரிசோதனையில் தோல் புற்றுநோய் என்று வந்தது. நல்லவேளை, பரவியிருக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். இன்று நலமாக இருக்கிறார். ஆனால், வீணாய்ப் போன அந்த ஒன்றரை வருஷம் என்னை இன்னும் உறுத்துகிறது. நாடி பார்க்கப் படித்த எனக்கு, நாடாவையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த அம்மாதான்!

உடை தந்த நோய்கள்

மானம் காக்கிற உடையே உடம்புக்கு வினையாவது புதிய கதை அல்ல. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், இடை சிறுத்துத் தெரிய வேண்டும் என்று பெண்கள் திமிங்கிலத்தின் வாய்த் தகடு வைத்த கச்சையை இழுத்துக் கட்டினார்கள். விலா எலும்புகளே உருமாறிப் போயின. பளிச்சென்ற பச்சை நிறத்துக்காக ஆர்சனிக் கலந்த சாயம் ஏற்றினார்கள். அதில் வேலை செய்தவர்களுக்குத் தோலெல்லாம் புண்.

நம் நாட்டுக்கு வருவோம். காஷ்மீரில் குளிர் தாங்க, 'காங்கிரி' என்ற கனல்சட்டியை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் சிலருக்குப் புற்றுநோய் வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் வி.ஆர். கனோல்கர், 1945-ல் சக மருத்துவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இடுப்பில் வேட்டி இறுக்கும் இடத்தில் வரும் புற்றுநோயை விவரித்தார். ஆக, இது பெண்களுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை!

2024-ல் மகாராஷ்டிராவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள், இரண்டு பெண்களைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார்கள். ஒருவருக்கு 70 வயது. இறுக்கிக் கட்டிய பாவாடையால் இடுப்பில் வந்த புண், 18 மாதமாக ஆறவில்லை. இன்னொருவர் பாவாடையே கட்டாதவர். சேலையையே 40 வருஷம் இடுப்பில் இறுக்கி உடுத்தியவர். இருவருக்கும் புற்றுநோய். இரண்டாமவருக்கு அது தொடை இடுக்கு நெறிக்கட்டி வரை போய்விட்டது.

எப்படி வருகிறது?

ஆறு கஜம் சேலையின் பாரத்தையும் கொசுவத்தையும் தாங்குவது ஒரு மெல்லிய நாடா. அது ஒரே கோட்டில் அழுத்துகிறது. நம்ம ஊர் வெயிலில் வியர்வை, அழுக்கு, உராய்வு எல்லாம் சேர்கின்றன. தோல் முதலில் கறுக்கும், சிலருக்கு வெளுக்கும். பிறகு தடிக்கும், வெடிக்கும். ஆறுவதற்குள் மறுநாள் நாடா மறுபடி அதே இடத்தில்! இப்படி ஆறுவதும் கிழிவதுமாக வருஷங்கள் போனால், எப்போதாவது யாருக்காவது அந்தத் தோல் கட்டுப்பாடின்றி வளரத் தொடங்கிவிடும்.

பயப்படாதீர்கள். இது மிக மிக அரிது. இடுப்பில் கறுப்புக் கோடு உள்ள பெண்கள் நம்மிடம் பலர். அதில் பெரும்பாலானவை வெறும் தழும்புதான். ஆறாத புண்தான் ஆபத்து.

என்ன செய்யலாம்?

* கயிறு மாதிரி மெல்லிய நாடா வேண்டாம். இரண்டு மூன்று விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை நல்லது.
* கட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.
* முடிச்சை ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் போடுங்கள். கட்டும் உயரத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.
* வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடுங்கள். இரவில் இடுப்பை இறுக்காத உடை போதும்.
* குளித்ததும் அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவலாம்.
* ஆண்களே, இறுக்கமான அரைஞாண் கயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் இதே விதிதான்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், தடித்த ஓரம், ரத்தக் கசிவு, துர்நாற்றம், தொடை இடுக்கில் கட்டி... இதில் எது இருந்தாலும் எந்தத் தைலமும் வேண்டாம், என் தைலம் உட்பட! நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சதைப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அகற்றினால் பெரும்பாலும் பூரண குணம்.

நம் பக்கத்துத் தளவாய்புரத்தில் பாவாடை தைக்கிறார்கள். சத்திரப்பட்டியில் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். முன்னதில் நாடாப் பட்டி கொஞ்சம் அகலமானால், பின்னதில் கொஞ்சம் மிச்சமாகும்!

இடுப்பில் இருப்பதை மருமகளிடம்கூடக் காட்டக் கூசுகிற தலைமுறை நம் தாய்மார்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கோ மாமியாருக்கோ அடுத்த முறை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, "இடுப்பைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.