தொடர்மாடிகளைப் பேணும் பொறுப்பு யாருடையது?

கொழும்பில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டுவது நடுத்தர வருமானமுடைய எவருக்கும் இன்று எட்டாக்கனியாகிவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் எமது மக்கள் தொடர்மாடி வீடுகளை நாடிச் செல்வதற்கு இதுவே பிரதான காரணமாகும். நகைகளை விற்றும், வங்கிக் கடன் பெற்றும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தைக் கொண்டும் இவ்வீடுகள் வாங்கப்படுகின்றன. ஆயினும், தாம் வாங்கியது எது என்பதைப் பலரும் முழுமையாக அறிந்திருப்பதில்லை.

தொடர்மாடி வீடொன்றை வாங்குபவருக்கு நான்கு சுவர்களுக்குட்பட்ட பகுதி மாத்திரம் உரித்தாவதில்லை. நிலம், அத்திவாரம், தூண்கள், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, நீர்த்தாங்கி ஆகிய பொதுப் பகுதிகளிலும் அவருக்குப் பிரிக்க முடியாத பங்கு உண்டு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதற்குப் பின்னர் கொண்டுவரப்பட்ட திருத்தங்களும் இதற்கான ஏற்பாடுகளைச் செய்துள்ளன. கட்டிடத்தின் திட்டப்படம் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்டதும், உரிமையாளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகின்றது. வழக்குத் தொடரவும் வழக்குத் தொடரப்படவும் கூடிய சட்ட ஆளுமை அதற்கு உண்டு. பொதுப் பகுதிகளைப் பராமரிப்பதும், கட்டிடத்தைக் காப்புறுதி செய்வதும், அதற்கான நிதியை உரிமையாளரிடம் அறவிடுவதும் அதன் கடமைகளாகும்.

இந்நிதியை அறவிடும் முறையே பெரும்பாலான பிணக்குகளுக்கு வித்திடுகின்றது. கீழ்த்தளத்தில் வசிப்பவர், மின்தூக்கியைத் தாம் பாவிப்பதில்லையே, எதற்காகப் பணம் கட்ட வேண்டும் எனக் கேட்கின்றார். கூரை ஒழுகினால் அது மேல்மாடிக்காரரின் பிரச்சினை என்கின்றார் இடைத்தளத்தில் இருப்பவர். ஆனால் எவர் எதைப் பாவிக்கின்றார் என்பதைச் சட்டம் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நிர்ணயிக்கப்பட்ட பங்குப் பெறுமதிக்கேற்பவே பங்களிப்பு அமைகின்றது. கூரை சிதைந்தால் கீழ்த்தள வீட்டின் விலையும் சரியும் என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்விடயத்தில் பலருக்கும் பாடம் புகட்டியது. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த வேளையில், மின்பிறப்பாக்கிக்கு டீசல் இன்றி மின்தூக்கிகள் நின்றால், உயர்மாடிகளிலுள்ள முதியோரும் நோயாளரும் வீட்டுக்குள்ளேயே முடங்க நேரிடும். சேமிப்பு நிதி வைத்திருந்த கட்டிடங்கள் இத்தகைய வேளையில் ஓரளவு சமாளிக்கலாம். மாதந்தோறும் வருவதை மாதந்தோறும் செலவிட்ட கட்டிடங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பராமரிப்பைத் தள்ளிப்போடுவது எத்தகைய விபரீதத்தில் முடியலாம் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்த அனர்த்தம் சான்றாகும். சர்ப்சைட் என்ற கரையோர நகரில் 1981 இல் கட்டப்பட்ட 12 மாடிக் கட்டிடமொன்றின் கொங்கிறீட் கடுமையாகச் சேதமுற்றுள்ளதாகப் பொறியியலாளர் ஒருவர் 2018 ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார். திருத்தவேலைகளுக்கான செலவு சுமார் 150 இலட்சம் டொலராக உயர்ந்தது. அதனைப் பங்கிடுவது குறித்து உரிமையாளரிடையே வாதங்கள் நீண்டன. கொங்கிறீட் திருத்தவேலைகள் தொடங்குமுன்பே, 2021 ஜூன் 24 ஆம் திகதி அதிகாலையில் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து 98 பேர் உயிரிழந்தனர். உப்புக்காற்று வீசும் எமது கரையோரக் கட்டிடங்களிலும் கொங்கிறீட்டினுள் இருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடிக்கவே செய்யும்.

ஆகவே, வீடு வாங்க முற்படுவோர் திட்டப்படம் பதிவு செய்யப்பட்டுள்ளதா, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் முறையாக இயங்குகின்றதா, சேமிப்பு நிதி எவ்வளவு என்பவற்றை விலை பேசுமுன்பே விசாரித்தறிதல் வேண்டும். ஏற்கனவே வாங்கியோர் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பங்குபற்றுதல் அவசியம். வெளிநாட்டில் வாழ்வோர் பதிலாள் ஒருவரையேனும் நியமிக்கலாம். நிர்வாகத்தில் இருப்போர் கணக்குகளைக் கணக்காய்வு செய்து, ஆங்கிலத்தில் மட்டுமன்றி உரிமையாளருக்குப் புரியும் மொழியிலும் முன்வைக்க வேண்டும். கணக்குத் தெளிவாக இருக்குமிடத்தில் பணம் கட்ட மறுப்போரின் தொகையும் குறையும்.

அரசுக்கும் இதில் கடப்பாடு உண்டு. 2003 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் மூலம் அமைந்த கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை, பிணக்கு முற்றிய பின்னர் தலையிடுவதோடு நின்றுவிடாது, சட்ட விளக்கங்களைத் தமிழிலும் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். கொம்பனித்தெரு போன்ற பகுதிகளிலிருந்து மாடிக் குடியிருப்புகளுக்கு இடம்மாற்றப்பட்ட குறைந்த வருமானக் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. மின்தூக்கியைத் திருத்தும் செலவை அன்றாடம் உழைப்போரின் தலையில் முழுமையாகச் சுமத்துவது நியாயமாகாது.

தொடர்மாடியொன்றில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். அந்தக் கூரையைக் காப்பதற்கு ஒரே மேசையில் அமர்ந்து பேசும் பழக்கம் அவர்களிடையே வளர வேண்டும். இல்லையேல், வாழ்நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கிய வீடு கண்முன்னே மதிப்பிழந்து போவதைத் தவிர்க்க முடியாது என்பதே எமது கருத்தாகும்.