மாயாஜாலப் படமும் கொட்டகையும்

மாயாஜாலப் படங்களைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. பழைய கொட்டகைகளில் அப்படங்களைக் கண்டு களித்தவர்கள், அந்த இன்பம் இனி எங்கே வரப்போகிறது என்று பெருமூச்சு விடுகிறார்கள். இளைஞர்களோ, பாறை என்று காட்டப்படுவது அட்டை என்பது தெரிகிறது, பறக்கும் வீரனைத் தாங்கும் கம்பி தெரிகிறது என்று நகைத்து, இன்றைய மல்டிபிளெக்ஸ் அரங்கே மாயாஜாலத்துக்கு ஏற்ற இடம் என்று வாதிக்கிறார்கள். இவ்விரு சாராரும் திரையை மாத்திரமே பார்த்துப் பேசுகிறார்கள் என்பது நமது எண்ணம். திரைக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஜனங்களை அவர்கள் கவனிப்பதில்லை. மாயாஜாலம் பலிப்பதும் பலிக்காமற் போவதும் திரையை எவ்வளவு பொறுத்ததோ, அவ்வளவு சபையையும் பொறுத்தது. ஆகையால் கொட்டகையில் நேர்ந்துள்ள மாறுதலை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அன்று; அது பொது வாழ்வைத் தொட்ட விஷயமாகும்.

கொட்டகை வந்த விதம்

திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தையும் உடன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1913-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் எழுந்தது. அடுத்த ஆண்டில் ரகுபதி வெங்கையா அதே நகரில் கெயிட்டியைக் கட்டினார். வின்சென்டும் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலை நிறுவினார். எனினும், நகரங்களில் நிலையான மண்டபங்கள் பெருகிய பின்னரும், கிராமவாசிக்குச் சினிமா என்றால் டூரிங் கொட்டகையே. பகல் வெளிச்சம் கூடாரத்துக்குள் புகுந்துவிடுமாதலால், பொழுது சாய்ந்த பின்னரே அங்கு ஆட்டம் தொடங்கும். இருப்பது ஒரே புரொஜெக்டர். ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முன்னால் மணல் தரை, அதன் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. தரையில் இருப்பவர் மணலைக் குவித்து மேடாக்கி அமர்வார். அவருக்குப் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார்.

இத்தகைய இடங்களில்தான் நமது மாயாஜாலப் படங்கள் கொடிகட்டிப் பறந்தன. 1944-இல் வந்த 'ஜகதலப்பிரதாப'னில் பி. யு. சின்னப்பா பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே சமயத்தில் தோன்றிக் கச்சேரி செய்ததைக் கண்டு ஜனங்கள் பிரமித்தனர். 1951-இல் 'பாதாள பைரவி' வந்தது. 1957-இல் வந்த 'மாயா பஜா'ரில் எஸ். வி. ரங்காராவ் கடோத்கஜனாகக் கல்யாண விருந்தின் முன் அமர, லட்டுகள் தாமாகவே எழுந்து அவர் வாய்க்குள் புகுந்தன. இவ்விரு படங்களுக்கும் காமிராவைக் கையாண்டவர் மார்க்கஸ் பார்ட்லி. கம்ப்யூட்டர் என்பது சினிமாவில் கனவிலும் இல்லாத காலம் அது. படச்சுருளின் ஒரு பாகத்தை மறைத்து, மற்றொரு பாகத்தில் படம் பிடித்து, பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடியும் பிடிப்பார்கள். ஓர் இம்மி தவறினாலும் செய்ததெல்லாம் வீணாகும். ஸ்டூடியோவின் நாலு சுவருக்குள் பார்ட்லி உண்டாக்கிய நிலவொளியை, மெய்யான நிலவென்றே நம்பியவர் பலர்.

பாதி நேரம் இருட்டு

பழைய புரொஜெக்டரின் அமைப்பில் ஓர் அதிசயம் உண்டு. வினாடிக்கு 24 படங்கள் வீதம் சுருள் ஓடும். ஒரு படம் விலகி மறு படம் வந்து நிற்கும் இடைவெளியில் ஒரு தகடு சுழன்று வெளிச்சத்தை மறைக்கும். இப்படி மறைக்கப்படும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ஆட்டத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் திரை இருண்டே கிடந்திருக்கும். இதைச் சபையோர் அறியார். இருண்ட நேரத்தையும் அவர்களுடைய மனமே நிரப்பிக்கொண்டது. மாயாஜாலப் படத்தின் கதையும் இதைப் போன்றதே. அட்டைப் பாறையை மலையாக்கியதும், கம்பியை மறக்கச் செய்ததும் சபையோரின் கற்பனை. அதிலும், தனி ஒருவனுடைய கற்பனை மாத்திரம் அன்று. முன்னால் இருக்கும் குழந்தை வீறிட்டால் பின்னால் இருக்கும் கிழவரும் திடுக்கிடுவார்; பெஞ்சில் ஒருவர் சிரித்தால் தரை முழுவதும் சிரிக்கும். ஆயிரம் பேர் ஒருங்கே நம்பும்போது நம்பாதவனும் நம்பிவிடுகிறான்.

அந்த ஆயிரம் பேர் யார் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே காட்சியைக் கண்ட முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக் காட்டியிருக்கிறார். பிறப்பைக் கேட்டு இடம் ஒதுக்காமல், கையிலுள்ள காசைக் கேட்டு இடம் கொடுத்தது கொட்டகை. அதுவும் ஓர் ஏற்றத்தாழ்வுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், தரைச் சீட்டு வாங்கியவனும் நாற்காலிச் சீட்டு வாங்கியவனும் ஒரே மந்திரவாதியைக் கண்டு ஒரே நொடியில் நடுங்கினார்கள்.

பழமையின் குறைகள்

இவ்வாறு சொல்வதால், பழைய கொட்டகை சுவர்க்கமாக இருந்ததென்று நாம் வாதிப்பதாக நேயர்கள் நினைக்க வேண்டாம். மூட்டைப் பூச்சியும் பீடிப் புகையும் வியர்வையும் அங்கே மலிந்திருந்தன. எளிதில் தீப்பற்றும் கூரைகளின் கீழ் ஜனங்கள் நெருக்கியடித்து அமர்ந்தனர். 1979-இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை தீப்பற்றிப் பலர் மாண்ட துயரத்தை நாடு மறக்கவில்லை. மேலும், பட்டணத்தில் பல வாரம் ஓடித் தேய்ந்த பிரதிதான் பல மாதம் கழித்துச் சிற்றூருக்கு வரும். திரையில் மழை பெய்வது போலக் கீறல்கள் விழும். பாட்டின் நடுவே சுருள் அறும். கிராமவாசிக்குக் கிடைத்த மாயாஜாலம் பட்டணத்தார் பார்த்துக் கழித்த மிச்சமே.

இந்த அநீதியைப் புதிய விஞ்ஞானம் நீக்கியது. சுருள் ஒழிந்து டிஜிட்டல் முறை வந்த பிறகு, சென்னையில் வெளியாகும் அன்றே அதே தெளிவுடன் படம் சிற்றூருக்கும் வருகிறது. இது பெரிய நன்மை. ஒலியிலும் அவ்வாறே. 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' மலையாளத்தில் வெளிவந்தபோது, கண்ணாடி அணிந்து முப்பரிமாணக் காட்சி காண்பதே இந்திய ரசிகர்களுக்குப் பேரதிசயமாக இருந்தது. 2012-இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் முறையிலோ ஒலி தலைக்கு மேலிருந்தும் வருகிறது. 2015-இலும் 2017-இலும் வெளிவந்த 'பாகுபலி' படங்களில் மகிழ்மதி என்ற இல்லாத தேசத்தை அருவியும் சேனையுமாகக் கம்ப்யூட்டர் கலைஞர்கள் படைத்துக் காட்டினார்கள். இவற்றைப் பழிப்பது அறியாமையாகும்.

இழந்தது எது?

எனினும், ஒரு கேள்வி எழுகிறது. அதே 'பாகுபலி'யை ஒரு ஜில்லாத் தலைநகரின் பழைய தியேட்டரிலும், ஒரு பெரிய கடைத் தொகுதியின் நாலாவது மாடியிலும் பார்த்தவர்களை ஒப்பிட்டுக் கேளுங்கள். படம் ஒன்றே, அனுபவம் வேறு. மாடி அரங்கில் குளிர்ச்சி உண்டு, சாய்வு நாற்காலி உண்டு, அண்டை நாற்காலிக்காரர் தொந்தரவு இல்லை. அண்டை நாற்காலிக்காரரே இல்லையென்று சொல்லும் அளவுக்கு அவர் ஒதுங்கியிருக்கிறார். அன்று நாற்புறமும் எழுந்த ஒலி ஜனங்களுடையது. இன்று அதையும் ஒலிபெருக்கிகளே எழுப்புகின்றன. 1952-இல் 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் ஒருங்கே அமரலாம். இன்றைய அரங்குகளோ சில நூறு பேருக்கு மேல் கொள்வதில்லை. சபை சிறுத்துவிட்டது.

சபை சிறுத்தது மட்டும் அன்று. ஒரு பகுதியார் அதிலிருந்து விலக்கப்பட்டும் விட்டார்கள். சீட்டுக்கு ஒரு விலை, வாகனம் நிறுத்த ஒரு விலை, சோளப்பொரிக்குச் சீட்டையும் விஞ்சிய விலை என்றால், அன்றாடக் கூலி பெறும் ஒருவர் மனைவி மக்களுடன் அங்கே எப்படிச் செல்வார்? சென்னையின் பெரிய அரங்குகளிலும் முன்வரிசைக்குப் பத்து ரூபாய்ச் சீட்டு விற்ற காலம் உண்டு. அக்காலத்தில் அந்த முதல் வரிசையில் ஒரு தேசம் அமர்ந்திருந்தது. மாயாஜாலக் கதைகளோ அந்தத் தேசத்தின் சொத்து. ஏழைத் தோட்டக்காரன் மகன் ராஜகுமாரியை மணப்பதுதானே 'பாதாள பைரவி'யின் கதை? அக்கதையைக் காண அவனுக்கே அனுமதி இல்லையென்றால், மிஞ்சுவது கேலிக்கூத்து.

இதற்கிடையில் பழைய மண்டபங்கள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. 1964-இல் ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகளுடன் எழுந்த சபையர் இல்லை. மவுண்ட் ரோட்டுச் சாந்தி இல்லை. மதுரைத் தங்கமும் இல்லை. எலெக்ட்ரிக் தியேட்டர் மாத்திரம் தபாலாபீஸ் வளாகத்துக்குள் புகுந்து பிழைத்தது.

செய்ய வேண்டியது

காலச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும்படி நாம் கோரவில்லை. ஊருக்கு ஒரு பழைய மண்டபமேனும் இடிபடாமல் நிற்க வேண்டும். தனியாரால் இயலாவிடில் நகரசபைகள் அதை ஏற்று, தீ பயமற்ற நல்ல கட்டடமாகப் புதுப்பித்து, புதிய புரொஜெக்டரும் புதிய ஒலிக்கருவியும் பொருத்த வேண்டும். பழைய விசாலமும் புதிய தெளிவும் ஓரிடத்தில் சேர்வதற்கு எந்தச் சாஸ்திரமும் தடையில்லை. 'மாயா பஜா'ரின் தெலுங்குப் பதிப்பு 2010-இல் வர்ணம் தீட்டப்பட்டு மீண்டும் தியேட்டர்களுக்கு வந்தது. அவ்வாறே நமது பழம்படங்களும் பெரிய திரையில், பெரிய சபைக்கு முன் மீண்டும் ஓட வேண்டும். மல்டிபிளெக்ஸ் முதலாளிகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் கூலிக்காரன் வாங்கக்கூடிய விலையில் சில வரிசைகளை மெய்யாகவே ஒதுக்க வேண்டும். சர்க்கார் அதைக் கண்காணிக்க வேண்டும்.

பொது நூல்நிலையத்துக்கும் பூங்காவுக்கும் போராடுகிற அன்பர்கள், சினிமாக் கொட்டகையை அற்ப விஷயமென்று ஒதுக்கிவிடலாகாது. உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் கூடி உட்கார்ந்து ஒருங்கே வியக்கும் இடங்கள் நமது ஊர்களில் மிகச் சில. அவற்றில் ஒன்று நமது கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது. இடித்த பின் வருந்துவதில் பயனில்லை. இடிக்குமுன் பேச வேண்டும்.